நீரோடிக் கடலில் கயாக்: தனியாகத் தூண்டில் போடச் செல்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கடலோரத்தில், நீரோடி முதல் தேங்காப்பட்டணம் வரை, துடுப்பால் ஓட்டும் சிறு படகான கயாக்கில் தனியாகச் சென்று தூண்டில் போடும் ஆர்வம் இளைஞர்களிடையே பரவி வருவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தை மாதத்தின் ஒரு காலையில், நீர் ஏறிக் கனத்துப்போன கயாக்கின்மேல் அமர்ந்து, கரையை நோக்கி எவ்வளவு துடுப்பு வலித்தாலும் கரை விலகிக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன். மார்த்தாண்டன்துறைக்கு அருகில் கடலில் இறங்கிய நான், மாநில எல்லையைத் தாண்டிப் பொழியூர்ப் பக்கம் கரை சேர்ந்தேன். அன்றைய நட்டம் ஏறக்குறைய நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். தோள்பட்டை வலி தீர மாதங்கள் ஆயின. அன்று எனக்கு நேர்ந்தவற்றில் ஒன்றுகூட அரிதான விபத்து அன்று. விவரம் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் தவிர்த்திருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

எனக்கு ஊர் நித்திரவிளை. கடலின் இரைச்சல் இரவில் வீட்டுக்குக் கேட்கும் என்றாலும் நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்லன். வேறொரு மாவட்டத்தில் இருந்த ஒருவரிடமிருந்து, 12 அடி நீளமுள்ள, மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக் ஒன்றை 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். பாலிஎத்திலீனை உருக்கி வார்த்த, உள்ளே வெற்றிடமாக இருக்கும் படகு அது. தூண்டில் கோல்களைச் செருகி வைக்கும் தாங்கிகளும், ஆழமும் மீனும் காட்டும் கருவிக்கான தாங்கியும் அதில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தன. மீன்பிடிக்கத் தயார் நிலையில் உள்ளது என்று விற்றவர் உறுதி சொன்னார். ஆற்றில் சில முறை ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஆற்றில் அலை மேலே ஏறி அடிக்காது, சிறிது நேர ஓட்டத்தில் மெல்லிய கசிவும் தெரியாது என்பதால் அந்தச் சோதனை போதாது என்று இப்போது புரிகிறது.

பிறகு பழுது பார்த்தபோது தெரிந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாங்கிகள் அனைத்தும் சாதாரண இரும்பு ஸ்க்ரூக்களால் முடுக்கப்பட்டிருந்தன. ரப்பர் வாஷரோ, கசிவை அடைக்கும் சீலன்டோ எதிலும் இல்லை. உப்புநீர் பட்டுத் துருப்பிடித்த ஸ்க்ரூக்கள் துளைகளுக்குள் தளர்ந்து ஆடின. அதைவிட மோசமானது அடியில் இருந்தது. மேல்தளத்தில் விழும் நீர் கீழே வடிவதற்காக இவ்வகைக் கயாக்குகளில் படகை ஊடுருவிச் செல்லும் ஸ்கப்பர் துளைகள் உண்டு. மணலில் இழுத்துச் செல்லும் சிறு வண்டிகள் சிலவற்றில் இரண்டு முளைகளை அந்தத் துளைகளுக்குள் செருகித்தான் படகை நிறுத்துகிறார்கள். படகின் எடை முழுவதும் முளைகளின்மேல் நிற்பதால், காலப்போக்கில் துளையின் உட்சுவரில் மயிரிழை அளவு விரிசல் விழும். என் கயாக்கில் பின்பக்கத் துளைகள் இரண்டிலும் அந்த விரிசல் இருந்தது. அமர்ந்தவுடன் அந்த இடம் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் நீர் ஓயாமல் உள்ளே கசியும். பழைய கயாக் வாங்குகிறவர்கள் இந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். வண்டி வாங்கினால் பட்டைகளின்மேல் படகைத் தாங்கும் வகையையே வாங்குங்கள்.

கசிவு இருக்கிறதா என்று வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். படகை இரு பெஞ்சுகளின்மேல் ஏற்றி வைத்து, வடிகால் திருகைக் கழற்றி, ஹோஸ் மூலம் உள்ளே கொஞ்சம் நீர் விட்டு, திருகை மூடி, படகை மெதுவாக ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்தால் நீர் சொட்டும் இடமெல்லாம் தெரிந்துவிடும். அதிகமாக நீர் விட்டால் எடை தாங்காமல் பெஞ்சிலேயே படகு வளையும். சோப்பு நீரை வெளியே பூசிவிட்டு வடிகால் துளை வழியாக வாயால் காற்று ஊதுவது இன்னொரு வழி. கசிவு உள்ள இடத்தில் குமிழி எழும். விரிசலை எபாக்சி பசையால் அடைக்க முயல வேண்டாம். பாலிஎத்திலீனில் அது பிடிக்காது, சில நாளில் உரிந்து வந்துவிடும். அதே வகைப் பிளாஸ்டிக்கை வெப்பத்தால் உருக்கி ஒட்டுவதுதான் நிலைக்கும். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிறவர்கள் இதைச் செய்கிறார்கள். எனக்கு 3,500 ரூபாய் ஆனது. ஸ்க்ரூக்களை 316 தர எவர்சில்வருக்கு மாற்றினேன். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 304 தரம் கடல் உப்பில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

இனி அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். கரையிலிருந்து கடல் நோக்கி மெல்லிய காற்று வீசியதால் கடலோரம் அலையின்றித் தெளிவாக இருந்தது. இரண்டு கிலோமீட்டர் வெளியே போய், செயற்கை இரையை இழுத்தபடி சீலா, பாரை மீன்களுக்கு முயன்றேன். எட்டு மணிக்குப் பின் காற்று கூடியது; படகும் சொன்ன பேச்சைக் கேட்காமல் கனக்கத் தொடங்கியது. கைவேகத்தைக் கூட்டினேன். பின்பக்கம் தாழ்ந்து, ஒவ்வொரு சிற்றலையும் மேல்தளத்தில் ஏறி, அங்கிருந்து ஸ்க்ரூத் துளைகள் வழியாகவும் உள்ளே இறங்கியது. படகின் உள்ளே நீர் ஓடும் சத்தம் கேட்டபோது எனக்கு வந்த பயம் வயிற்றைப் பிசைந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

படகுக்குள் இருக்கும் நீரைப் பற்றி எல்லோரும் எடையை மட்டும் நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது உண்மைதான். ஆனால் படகு ஒரு பக்கம் சாயும்போது உள்ளே உள்ள நீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வைக் கூட்டுகிறது என்பதுதான் கவிழ்க்கும் காரணம். அப்படித்தான் நான் கவிழ்ந்தேன். லைஃப் ஜாக்கெட் உடலில் இருந்ததால் மூழ்கவில்லை. துடுப்பு கயிற்றில் கட்டியிருந்ததால் போகவில்லை. தூண்டில் கோல்கள் இரண்டும் ரீல்களோடு போயின. ஆழம் காட்டும் கருவி உப்புநீரில் மடிந்தது. செல்பேசி பத்திரமாக இருக்கட்டும் என்று மூடிக்கு உள்ளே பெட்டியில் வைத்திருந்தேன். அந்த மூடி கவிழ்ந்த படகின் அடியில் இருந்தது. தேவைப்பட்ட அந்த ஒரே நேரத்தில் எட்டாத இடத்தில் இருந்ததோடு, பின்னர் நீர் புகுந்து அதுவும் கெட்டது. செல்பேசி நீர்புகாத உறையில் லைஃப் ஜாக்கெட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். விசில், சிறு கத்தி, பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணி ஆகியவையும் உடலோடுதான் இருக்க வேண்டும், ஏனெனில் படகும் நீங்களும் பிரியக்கூடும்.

மறுபடி ஏறும் முறையை ஆற்றில் பழகியிருந்தது என்னைக் காப்பாற்றியது என்றே நம்புகிறேன். கவிழ்ந்த படகின் குறுக்கே கையை நீட்டி மறுபக்க விளிம்பையோ பட்டையையோ பிடித்து, முழங்காலை அடிப்பகுதியில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். பிறகு நீரில் கால்களைப் பின்னுக்கு நீட்டி உதைத்து, உடல் படுத்த நிலைக்கு வந்ததும் வயிற்றால் படகின் குறுக்கே இழுத்து ஏறி, திரும்பி அமர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். செங்குத்தாகத் தொங்கியபடி ஏற முயன்றால் படகு மீண்டும் நம்மேலேயே கவிழும். பரக்காணிப் பக்கம் குழித்துறைத் தாமிரபரணி ஆற்றில், லைஃப் ஜாக்கெட் அணிந்து, நண்பர் ஒருவர் துணையிருக்க, களைத்த பிறகும் ஏற முடிகிறதா என்று பார்க்கும்வரை பழகுங்கள். ஆனால் நான் நீர் இல்லாத படகில்தான் பழகியிருந்தேன். நீர் ஏறிய படகில் ஏறியதும் அது மறுபடி கவிழ்ந்தது. நங்கூரத்தையும் ஐஸ் பெட்டியையும் கடலில் விட்டுவிட்டு, கால்களை இரு பக்கமும் தொங்கவிட்டு அமர்ந்தபோதுதான் நிலைத்தது.

இப்போது உள்ளே மிதவை வைத்திருக்கிறேன். இறுக மூடிய ஐந்து லிட்டர் கேன்களையும் இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில்களையும் படகின் முன்னும் பின்னும் நகராதபடி திணித்துக் கட்டினால், அவ்வளவு லிட்டர் நீர் உள்ளே வர இடமே இருக்காது. பத்து ஐந்து லிட்டர் கேன்கள் என்றால் ஐம்பது கிலோ நீர் குறைகிறது. செலவு ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரு வேலையை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

அன்று படகில் நிலைத்து அமர்ந்ததும் சுற்றிப் பார்த்தேன். ஒரு வள்ளம்கூடக் கண்ணில் படவில்லை. வார நாட்களில் அந்த நேரத்தில் பைபர் வள்ளங்கள் திரும்பிக்கொண்டிருக்கும். கை அசைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். தூத்தூர் முதல் விழிஞ்ஞம் வரையுள்ள கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவ ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கோ ஞாயிறு மட்டுமே ஓய்வு. கடலில் உதவிக்கு ஆளே இல்லாத நாளில்தான் நாம் சரியாகக் கடலுக்குப் போகிறோம். ஊர்த் திருவிழா நாட்களும் கிறிஸ்துமஸ் காலமும் அப்படியே. இதை எந்தக் காணொளியிலும் நான் கேட்டதில்லை, வேறு கடற்கரைக்காரர்களுக்கு இது தெரியவும் வாய்ப்பில்லை. விடுப்பு எடுத்தாவது வார நாளில் போங்கள். ஞாயிறுதான் முடியும் என்றால், இன்னொரு கயாக்கோடு, கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் நில்லுங்கள்.

கரைக்காற்று பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. வெயில் ஏறி நிலம் சூடானதும் திசை மாறிக் கடலிலிருந்து வீசுகிறது. எங்கள் கடற்கரை தென்மேற்கைப் பார்த்தது. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்றும் இந்தக் கரைக்காற்றோடு சேர்ந்துகொள்ளும்போது அது நேரே நம்மை வெளியே தள்ளும். கரையில் நிற்பவருக்கு இது தெரியாது. தென்னைகளும் வீடுகளும் காற்றை மறைத்துவிடும், அலை எழும்ப இடமில்லாததால் கடலும் சமதளமாகத் தெரியும். வெளியே போகப் போகத்தான் அலையும் காற்றும் கூடும். பொருட்கள் ஏற்றிய கயாக் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான். எதிர்க்காற்றில் அது பாதியாகும். ஆகவே இப்போது நான் கடலில் இறங்கியதும் இருநூறு மீட்டரில் நின்று, துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா மிதந்து பார்க்கிறேன். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர்கிறேன் என்பது தெரிந்துவிடும். கரையை விட்டு விலகினால் அன்றைய மீன்பிடி அந்த இருநூறு மீட்டருக்குள் முடிகிறது.

இந்த மிதந்து பார்க்கும் பழக்கத்துக்குக் கணியம் அடிப்படை. கரையோரம் ஒரு பொருளும் அதற்குப் பின்னால் உயரமாக இன்னொரு பொருளும், உதாரணமாக ஓர் ஆலயக் கோபுரமும் பின்னால் ஒரு மலை முகடும், ஒரே நேர்கோட்டில் வருமாறு பார்த்துக்கொள்வது. அதேபோல் வேறு திசையில் இன்னொரு ஜோடி. இந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் நாம் இருக்கும் இடம். கட்டுமரக்காரர்கள் கடலடிப் பாறைகளைத் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கண்டுபிடித்து வருகிறார்கள். நேர்கோடு கலைந்தால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், நம்மை இழுக்கிறது என்று பொருள். பனிக்காலத்தில் எங்கள் கடலோரத்தில் நீரோட்டம் பெரும்பாலும் வடமேற்காக, கேரளத்தை நோக்கிப் போகும்; தென்மேற்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். மார்த்தாண்டன்துறையில் இறங்கிய என்னைப் பொழியூருக்குக் கொண்டுபோனது அந்த நீரோட்டம்தான். ஜிபிஎஸ் கருவி நல்லதுதான், ஆனால் அது நனைந்தபின் எனக்கு மிஞ்சியது ஆலயக் கோபுரங்கள் மட்டுமே.

அன்று, காற்றை நேராக எதிர்த்து வலிப்பதை நான் நிறுத்திவிட்டேன். தோள் விட்டுப்போனால் வேறு வழியே இல்லை என்று தோன்றியது. உடலைத் தாழ்த்தி, குட்டையாகத் துடுப்பு போட்டு, இன்னும் வெளியே போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, இரை வைத்திருந்த டப்பாவால் நடுமூடி வழியாக அலை இல்லாத கணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நீரை இறைத்தேன். குடிக்க ஒரு பாட்டில் நீர் ஜாக்கெட்டில் கட்டியிருந்தது. பத்தரை மணிக்குப் பிறகு காற்று தளர்ந்து நின்று, பதினொன்றை ஒட்டி முதுகுப் பக்கம் கடற்காற்று தொட்டது. அந்தத் தொடுதலை உணர்ந்தபோது அழுதுவிட்டேன். அதன்பின் கரை நெருங்கி வந்தது.

கரை நெருங்குவதும் கரையேறுவதும் வேறு வேறு. நீரோடியிலிருந்து குளச்சல் பக்கம் வரை கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் நீண்டு கிடக்கின்றன. இடையிடையே தூண்டில் வளைவுகள் என்னும் கல் தடுப்புகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கற்களின்மேல் கயாக்கோடு மோதினால் பிழைப்பது கடினம். வளைவுகளின் ஓரமாகக் கடலை நோக்கி இழுக்கும் ஓட்டமும் உண்டு. தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு எழும் அலையில் பெரிய வள்ளங்களே கவிழ்ந்து மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். கயாக்கில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வடக்கே விழிஞ்ஞத்தில், கரையிலிருந்து ஒரு கடல் மைலிலேயே இயற்கையாக இருபது மீட்டர் ஆழம் இருக்கிறது. அதனால்தான் 2025 மே 2 அன்று தொடங்கிவைக்கப்பட்ட துறைமுகத்துக்குப் பெரிய சரக்குக் கப்பல்கள் கரைக்கு அவ்வளவு அருகில் வருகின்றன. அந்த எல்லைக்குள்ளும் நமக்கு வேலையில்லை. பயணத்துக்கு முன் ஒரு நாள் சாலை வழியாகப் போய், மணல் எஞ்சியிருக்கும் இடங்களை இறங்கிய இடத்துக்கு இரு புறமும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கரைமணல் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் சென்ற ஆண்டுக் குறிப்பை நம்ப வேண்டாம்.

பொழியூரில் மணலில் அமர்ந்திருந்த இளைஞர்கள் என்னைப் பார்த்து ஓடி வந்தார்கள். அலைகள் தொகுதி தொகுதியாக வரும். பெரிய தொகுதியின் கடைசி அலை முன்னால் போனபின் அதன் முதுகைத் தொடர்ந்து வலித்து வருவதே முறை. படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலை வரும் பக்கமே சாய வேண்டும். கரைப்பக்கம் சாய்ந்தால் அலை புரட்டிவிடும். இறங்கும்போது கடல் பக்கமாகவே இறங்க வேண்டும்; நீர் நிறைந்த படகுக்கும் கரைக்கும் நடுவில் நின்றால், அடுத்த அலை அந்த எடை முழுவதையும் முழங்காலில் கொண்டுவந்து இடிக்கும். எனக்கு உதவ வந்த பையன் ஒருவன் அப்படி நின்றான். நான் கத்தியதைக் கேட்டு விலகியதால் தப்பினான். அங்கிருந்த முதியவர் ஒருவர் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து, கோபமே இல்லாமல் சொன்னார்: "மக்களே, ஞாயிற்றுக்கிழமை கடல்ல யாரையும் எதிர்பார்க்காதே. நாங்க எல்லாரும் கோயில்ல இருப்போம்." கரைக்காற்றையும் கணியத்தையும் நான் முறையாகக் கற்றது பின்னர் அவரிடம் போய்த்தான்.

பருவம் பற்றியும் அவர் வழியேதான் திட்டமிடுகிறேன். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கயாக் விசைப்படகு இல்லை என்றாலும், ஆனி, ஆடிக் கடல் கயாக்குக்கு உரியது அன்று. ஐப்பசி, கார்த்திகையில் கடல் அடங்கியிருந்தாலும் குமரிக் கடலில் உருவாகும் புயல்கள் அவகாசம் தருவதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் கள்ளக்கடல் வரும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல்காற்றில் பிறந்த நீண்ட அலைகள், நாட்கணக்கில் பயணித்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையில் எழும். ஒவ்வொரு அலைக்கும் 16 விநாடி இடைவெளி உள்ள அலைத்தொகுதி மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதனால்தான் வானத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலவரத்தை முன்னறிவிக்கும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்த்தே அறிய வேண்டும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தபோது அந்த எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் அலை ஏழு விநாடி இடைவெளியில் வருவது ஒன்று. அதே ஒரு மீட்டர் பதினாறு விநாடியில் வந்தால் கரையில் அது ஆளை அடித்துத் தூக்கும். இடைவெளி பன்னிரண்டு விநாடியைத் தாண்டினால் நான் வீட்டில் இருந்துவிடுகிறேன்.

கடைசியாக, கரையில் விட்டுச் செல்ல வேண்டிய தாள். அன்று என் மனைவிக்கு நான் கடலுக்குப் போனது தெரியும். எங்கே இறங்கினேன், எப்போது கவலைப்படத் தொடங்க வேண்டும் என்பது தெரியாது. மதியம்வரை அவள் யாரையும் அழைக்கவில்லை, அழைக்க எந்த எண்ணும் அவளிடம் இல்லை. இப்போது ஒவ்வொரு முறையும் இறங்கும் இடம், போகும் திசை, கயாக்கின் நிறம், ஜாக்கெட்டின் நிறம், கரையேறி அழைக்கும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒன்றும், இறங்கும் துறையில் தெரிந்த மீனவர் ஒருவரிடம் ஒன்றுமாகக் கொடுக்கிறேன். குறித்த நேரம் தாண்டி அரை மணி நேரம் ஆகியும் அழைப்பு வராவிட்டால், முதலில் துறையில் இருப்பவரையும், உடனே கடலோரக் காவல் படையின் 1554 எண்ணையும், கடலோரப் பாதுகாப்புக் காவல் துறையின் 1093 எண்ணையும் அழைக்க வேண்டும் என்று தாளின் மேலேயே எழுதியிருக்கிறது. எல்லையை ஒட்டிய கடல் என்பதால், பனிக்காலமாக இருந்தால் கேரளப் பக்கம் பொழியூர், பூவாறு வரை தேடச் சொல்ல வேண்டும் என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன்.